இடப்பக்கத்துக் கீறல்கள்

அக்டோபர் 24

புது ஸ்கூட்டர் வீட்டுக்கு வந்தாயிற்று. மயில் கழுத்து நீலம். சாவி போட்டுத் திருகுகிற வேலையெல்லாம் இல்லை. ரிமோட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பிரேக்கைப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் போதும். சிக்னலில் நின்றால் பெட்ரோல் மிச்சம் என்று தானாகவே அணைந்துகொள்ளும். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் மறுபடி உயிர் வரும். ஷோரூம் பையன் இதையெல்லாம் எனக்குப் பாடம் எடுக்க வந்தான்.

"தம்பி, இந்தக் கோபியில ஸ்கூட்டர் ஓட்டற பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்குச் சொல்லிக்குடுத்தவ நானு" என்றேன். ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டான்.

பொய்யில்லை. ரொம்ப வருடமாகப் பள்ளிக்கூட மைதானத்தில் பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். எங்கள் வீட்டிலும் ஓட்டுவது நான், பின்னால் உட்காருவது அவர். பஸ் கண்டக்டர். நின்றபடியே ஊர் ஊராகப் போய் வந்த மனுஷனுக்கு இரண்டு சக்கரத்தில் பேலன்ஸ் வரவே இல்லை. "குழந்தைவேலு பொண்டாட்டி முதுகுக்குப் பின்னாடி போறான் பாரு" என்று கல்யாணமான புதிதில் ஊரே சிரித்தது. சிரித்தவர்களின் பெண்டாட்டிகள் எல்லாம் பிற்பாடு என்னிடம்தான் கற்றுக்கொள்ள வந்தார்கள்.

நாளை மறுநாள் இந்துஜா பிரசவத்துக்கு வருகிறாள். ஒரே பெண், முதல் பிரசவம். ஆஸ்பத்திரிக்குப் போய்வரக் கார் அனுப்புகிறேன் என்று சம்பந்தியம்மா சொன்னார். வேண்டாம் என்றேன். அவளைப் பள்ளிக்கூடத்துக்கும் காலேஜுக்கும் கொண்டுபோய் விட்டவள் நான். வலி எடுக்கிற அன்றைக்கும் நானே கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அதற்காகத்தான் பழையதைத் தள்ளிவிட்டுப் புதுசு எடுத்ததே.

பழைய வண்டியை வாங்கியவன், "என்னங்கக்கா, ஒரு பக்கம் மட்டும் இப்படித் தேஞ்சிருக்குது" என்று உதட்டைப் பிதுக்கினான். நிறுத்துகிற இடத்தில் எவனாவது உரசியிருப்பான்.

பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினேன். முன் சக்கரத்துப் பழம் நசுங்காமல் உருண்டு ஓடிவிட்டது. இரண்டாம் தடவை அவர் குனிந்து சரியாக வைத்தார்.

அக்டோபர் 26

கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் இந்துஜாவை அழைத்து வந்தோம். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு என்று சம்பந்தி வீட்டு ஆட்களுக்கெல்லாம் வயிறு நிறைந்தது. மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தார். கிளம்பும்போது சம்பந்தியம்மா மறுபடி காரைப் பற்றி ஆரம்பித்தார். காதில் விழாதது போல் வேனில் ஏறிவிட்டேன்.

இந்துஜாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. முகம் மட்டும் விளக்கு ஏற்றி வைத்த மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 30

கேட்டுத் தூணில் வண்டி லேசாக உரசிவிட்டது. தூணைக் கட்டிய கொத்தனாரைச் சொல்ல வேண்டும். வீடு கட்டின நாளிலிருந்து தூண் அங்கேயேதான் இருக்கிறது என்கிறார் இவர். இருந்தால்?

நவம்பர் 2

பூபதி கடையில் வண்டியை விட்டேன். சுற்றிலும் ஸ்டீல் கார்டு, இந்துஜா சாய்ந்துகொள்ளப் பின்னால் பேக் ரெஸ்ட், காலை ஊன்றி ஏற அகலமான சைடு ஸ்டெப், வழுக்காத மிதியடி. வயிற்றுப்பிள்ளைக்காரி ஏறுகிற வண்டி; கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

"ஏனுங்கக்கா, புது வண்டி. அதுக்குள்ள இடப்பக்கம் ரெண்டு கோடு?"

"தூணு."

"ரெண்டு கோடுமா?"

"உனக்குக் கார்டு மாட்டற வேலையா, கேள்வி கேக்கற வேலையா?"

சிரித்துக்கொண்டே மாட்டினான். கார்டு மாட்டினதும் கோடுகள் மறைந்துவிட்டன. பார்க்க எவ்வளவு லட்சணமாக இருக்கிறது.

நவம்பர் 5

இவருக்கு வார ஓய்வு. பாரியூர்க் கோயிலுக்குப் போய் வந்தோம். பின்னால் உட்கார்ந்துவிட்டால் இவருக்கு ஸ்கூட்டரும் பஸ்தான். "லெஃப்ட்ல ஆளு... சைக்கிள் வருது, வுடு வுடு... ம், போலாம் ரைட்." வழி பூராவும் இதே பாட்டு. சந்தைப்பேட்டை முக்கில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

"விசிலையும் கொண்டாந்திருக்கலாமுங்களே" என்றேன். வெட்கமே இல்லாமல் சிரிக்கிறார்.

முன்பெல்லாம் பின்னால் உட்கார்ந்தால் தூங்கி வழிவார். போன வருடத்திலிருந்துதான் இந்தக் கூத்து. ரிட்டயர்மென்ட் நெருங்க நெருங்க டூட்டி வீட்டுக்கும் வருகிறது போல. வாயை மூடிக்கொண்டு வந்தால் இன்னும் நன்றாக ஓட்டுவேன்.

வண்டியில் இன்று ஒரு கீறலும் இல்லை.

நவம்பர் 9

இந்துஜாவுக்குச் செக்கப். டாக்டரம்மா எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். பிள்ளை தலை திரும்பியிருக்கிறதாம்.

போகும்போது ஒரு சம்பவம். கடைவீதியில் நிறுத்தியிருந்த கார் ஒன்றின் கதவைத் திடீரென்று திறந்துவிட்டான் ஒரு படித்த முட்டாள். இந்துஜா வீல் என்று கத்தி என் தோளைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தாள். கதவின் ஓரம் கார்டில் உரசி, கிரீச் என்று ஒரு சத்தம். நல்லவேளை கார்டு போட்டேன். இறங்கி அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டேன்.

"நான் தொறந்து எறங்கி நின்னுட்டு இருந்தேனுங்கம்மா" என்கிறான். பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமா?

இந்துஜா பக்கவாட்டில்தான் உட்கார்ந்து வந்தாள், எல்லாப் பெண்களையும் போல இடப்பக்கம் பார்த்து. அவளிடம் கேட்டேன், "நீயே சொல்லு கண்ணு, அவன் அப்பத்தான தொறந்தான்?" வீடு வரும்வரை அவள் என் தோளை விடவில்லை. மாசமான பெண்களுக்குப் பயம் அதிகம்.

நவம்பர் 10

காப்பி டம்ளரைக் கை தட்டிவிட்டது. போகிற வருகிற இடத்தில் டம்ளரை வைத்தால் தட்டாமல் என்ன செய்யும்?

நவம்பர் 12

பூபதியிடம் இடப்பக்கத்துக்கு மட்டும் பெரிய கண்ணாடி மாட்டச் சொன்னேன். அதன் மூலையில் ஒட்டுகிற குட்டி உருண்டைக் கண்ணாடியும் ஒன்று.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாத்தானுங்க்கா நல்லாருக்கும்."

"எனக்கு இப்படித்தான் வேணும்."

கண்ணாடி நல்ல கண்ணாடி. ஆனால் அதைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் தலையை முழுசாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. பழகிவிடும்.

நவம்பர் 15

ஹசீனாவுக்கு வகுப்பு. தையல் கடை வைத்திருக்கிறாள், இரவல் வண்டியில் பழகுகிறாள். லைசன்ஸ் டெஸ்டில் இரண்டு தடவை கோட்டை விட்டவள். என்னிடம் படித்தவர்களிலேயே பயந்தாங்கொள்ளி இவள்தான். எதிரே மாடு வந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி, மாட்டுக்கு வழி விடுவாள். "அது என்ன கலெக்டரா?" என்று கேட்டேன்.

எட்டு போட்டுக் காட்டினேன். மைதானத்தில் நான் வைத்த செங்கல்லில் முன் சக்கரம் ஏறிவிட்டது. விழவில்லை, காலை ஊன்றிவிட்டேன். யாரோ செங்கல்லை நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.

ஹசீனா செங்கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம், "ஞாயித்துக்கிழமை எங்க பள்ளிவாசல் மண்டபத்துல கண்ணு முகாமுங்க்கா. நானும் போறேன். வாங்களேன், சும்மா பாத்துட்டு வரலாம்" என்றாள்.

"நான் ஊசியில நூல் கோத்துருவேன். எனக்கு எதுக்கு முகாம்?"

உண்மைதான். நேராக வைத்துக்கொண்டால் இன்றைக்கும் ஒரே தடவையில் கோத்துவிடுவேன்.

நவம்பர் 20

நெஞ்சு ஆறவில்லை. நாளைக்குச் செக்கப். ராத்திரிச் சாப்பாட்டில் இந்துஜா மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, நாளைக்கு ஆட்டோல போலாம்."

"ஆட்டோ எதுக்கு? இதுக்குன்னே எடுத்த வண்டி நிக்குது."

"எனக்கு உன்ற வண்டில வரப் பயமா இருக்குது."

என் காதில் விழுந்தது நிஜம்தானா என்று அவரைப் பார்த்தேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு தட்டையே பார்த்தார்.

"அந்தக் கார்க்காரன் முன்னாடியே கதவத் தொறந்துட்டாம்மா. நான் பாத்துட்டேதான் வந்தேன். நீயும் பாத்திருப்பேன்னு நெனச்சேன்" என்றாள். அப்புறம் நாற்காலியை என் எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்ற மூக்க மட்டும் பாரு. கண்ணத் திருப்பாத. இந்தக் கையில எத்தன வெரலு?"

எத்தனை என்று சொன்னேன். "இந்தக் கையில?" என்றாள். அதற்கும் சொன்னேன்.

அவள் கையைக் கீழே போட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெற்ற தாயை உட்காரவைத்து விரல் எண்ணச் சொல்வதா? தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சம்பந்தி வீட்டில் காரில் போய்ப் பழகிவிட்டாள், வேறென்ன.

நவம்பர் 21

அவர்கள் ஆட்டோவில் போனார்கள். நான் போகவில்லை.

வீட்டில் தனியாக இருந்தபோது வலது கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் பார்த்தேன். இந்த அறையில் வெளிச்சம் போதாது. நாளைக்குப் பெரிய பல்பு வாங்கி மாட்ட வேண்டும்.

நவம்பர் 22

பல்பு மாற்றினேன்.

நவம்பர் 25

வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று பூபதியிடம் கொண்டுபோனேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "நூல் புடிச்சாப்புல போகுதுங்க்கா" என்றான். இவனுக்கு என்ன தெரியும். வந்ததுக்கு இரட்டை ஹாரன் மாட்டிக்கொண்டேன். முன்னால் பனி விளக்கும் இரண்டு. இனி நான் வருவது எல்லாருக்கும் தெரியும், விலகிக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்து ஹாரனை அடித்துக் காட்டினேன். இந்துஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இடப்பக்கம் வந்ததும் குனிந்து கார்டைத் தடவிப் பார்த்தார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல புள்ள, தூசி" என்றார்.

டிசம்பர் 1

இன்று எழுத ஒன்றும் இல்லை. ரேஷன் வாங்கினேன்.

டிசம்பர் 2

எழுத ஒன்றும் இல்லை என்று நேற்று எழுதியது பொய்.

ரேஷன் கடையிலிருந்து வரும்போது வாய்க்கால் மேட்டில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் சைக்கிளை இடித்துவிட்டேன். அவள் என் இடப்பக்கத்தில் கூடவே வந்திருக்க வேண்டும். எனக்கு அங்கே ரோடு காலியாகத்தான் இருந்தது. பாலத்தில் திரும்பினேன், டங் என்று சத்தம், அவள் கீழே கிடந்தாள். முழங்கால் சிராய்ந்து ரத்தம். தண்ணீர் பாட்டில் வாய்க்காலில் மிதந்து போனது. கைப்பிடிச் சுவர் அந்த இடத்தில் இருந்ததால் பாட்டிலோடு போயிற்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "பாத்து வர மாட்டியா?" என்று அவளைத் திட்டினேன். அந்தக் குழந்தை எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு, "ஸாரி ஆன்ட்டி" என்றது.

அந்த ஸாரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ராத்திரி பூராவும் அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

டிசம்பர் 3

மழைக்காலம் என்பதால் வண்டிக்கு ஒரு கவர் வாங்கிப் போர்த்திவிட்டேன். இரண்டு பெண்கள் வகுப்புக்குக் கேட்டார்கள். தை பிறக்கட்டும் என்றேன்.

"ஏம்புள்ள, வண்டிய எடுக்கறதில்லையா?" என்று இவர் கேட்டார்.

"மழைங்க."

பிரசவத்தன்று ஒரே ஒரு தடவை ஓட்டினால் போதும். ஆஸ்பத்திரி மூன்று கிலோமீட்டர். என் பெண்ணை நானே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அப்புறம் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். எனக்குப் பழகின ரோடு. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன்.

டிசம்பர் 11

ஒன்பதாம் தேதி நடந்ததை இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

அன்று காலையிலிருந்து தூறல். இவர் மைசூர் டிரிப்பில் இருந்தார். இன்னும் இரண்டு வாரமாவது இருக்கிறது என்று நான் பருப்பை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா" என்று ஒரு குரல். ஓடிப்போய்ப் பார்த்தால் இந்துஜா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பனிக்குடம் உடைந்து காலடியில் தண்ணீர்.

ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். ஓடைப்பாலத்தில் வெள்ளம் போகிறது, சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும், நேரமாகும் என்றார்கள். ஆட்டோ ஸ்டாண்டுக்கு அடித்தேன். கார்த்திகைக் கடைசி முகூர்த்தம். எல்லா ஆட்டோவும் கல்யாண மண்டபத்தில். எதிர்வீட்டுக் காரும் அதே கல்யாணத்தில். இந்துஜாவுக்கு வலி விட்டு விட்டு வந்தது, விடுகிற நேரம் குறைந்துகொண்டே போனது.

கவரை உருவிப் போட்டுவிட்டு வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்தேன்.

"ஏறு கண்ணு."

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாட்டேன்."

"அடம் புடிக்கற நேரமா இது? மெதுவா போறேன். ஊர்ந்துட்டே போறேன்."

"இங்கயே பெத்துக்கறேன். நீ ஓட்டுனா ஏற மாட்டேன்மா."

வலியில் முகம் கோணிக்கொண்டு போகிறது, கேட்டை மட்டும் விடவில்லை. எனக்கு அவளை இழுத்து உட்கார வைக்கலாமா என்று கூடத் தோன்றியது. அந்த நேரம் பார்த்துக் குடையைப் பிடித்துக்கொண்டு ஹசீனா வந்தாள். கையில் லட்டு டப்பா. முந்தினநாள் லைசன்ஸ் டெஸ்டில் பாஸாகிவிட்டாளாம். எங்களைப் பார்த்ததும் டப்பாவை மதில் சுவரில் வைத்துவிட்டு ஓடிவந்து இந்துஜாவைத் தாங்கிக்கொண்டாள்.

"என்னக்கா பாத்துட்டு நிக்கறீங்க? கூட்டிட்டுப் போங்க. நீங்க ஓட்டுனா காத்தாட்டம் போயிருவீங்களே."

கையை ஆக்ஸிலரேட்டரில் வைத்தேன். இந்துஜா எப்போதும் போலப் பக்கவாட்டில், இடப்பக்கம் பார்த்து உட்காருவாள். அந்தப் பக்கம் எதன் மேலாவது மோதினால் முதலில் படுவது அவள் வயிறு. வாய்க்கால் மேட்டில் விழுந்து கிடந்த அந்தப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். வண்டியை அணைத்தேன்.

"ஹசீனா, நீ ஓட்டு."

"நானா? வெளையாடறீங்களாக்கா? நான் இன்னும் பின்னால ஆளையே ஏத்துனதில்லைங்க. இந்த வண்டியத் தொட்டதுகூட இல்ல. நீங்க இருக்கறப்ப நான் எதுக்கு?"

"எனக்கு இடது பக்கம் தெரியறதில்ல."

சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாதது, இந்த நோட்டுக்கும் சொல்லாதது. என் மாணவி முன்னால், நடுத்தெருவில், மழையில் நின்றுகொண்டு சொன்னேன். கூசிப்போய்விட்டது. ஹசீனா என்னையே பார்த்தாள். இந்துஜா கேட்டை விட்டுவிட்டு வந்து வண்டியில் காலைப் போட்டாள்.

மூன்று பேர் ஏறக்கூடாது என்றுதான் வகுப்பில் முதல் நாளே சொல்வேன். அன்று ஏறினோம். முன்னால் ஹசீனா, நடுவில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு இந்துஜா, பின்னால் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு நான். பிரேக்கைப் பிடி, பொத்தானை அழுத்து, மெதுவாகத் திருகு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வண்டி பாம்பு போல நெளிந்து, தெருமுனையில் நேரானது. ஹசீனா ஏதோ ஓதிக்கொண்டே ஓட்டினாள். நான் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

பஸ் ஸ்டாண்டு சிக்னலில் சிவப்பு. நின்றோம். எஞ்சின் அணைந்தது.

"ஐயோ, வண்டி ஆஃப் ஆயிருச்சுக்கா!"

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறான். இந்துஜா என் கையைப் பிறாண்டுகிறாள். ஹசீனா ஹாண்டிலிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டாள். இன்னும் ஒரு நொடி விட்டால் வண்டியைப் போட்டுவிட்டு இறங்கிவிடுவாள்.

"ஹசீனா, ஆஃப் ஆகல. இந்த வண்டிக்கு அது பழக்கம். லாரிய அவன் பாத்துக்குவான். நீ மூச்சு வுடு. ம், இப்பத் திருகு."

திருகினாள். உயிர் வந்தது.

ஆஸ்பத்திரித் திருப்பம் வந்தது. இடப்பக்கம் திரும்ப வேண்டும். "லெஃப்ட்ல எடம் இருக்குதாக்கா? திரும்பட்டுமா?" என்று ஹசீனா கத்தினாள். தலையைத் திருப்பிப் பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை. நான் திருப்பினால் பின் பாரம் சாயும். திருப்பாமல் எனக்கு ஒன்றும் தெரியாது.

நடுவிலிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இந்துஜா சொன்னாள். "சைக்கிள் ஒண்ணு... வுட்டுருங்க... ம், போலாம் ரைட்."

அது அவளுடைய அப்பனின் குரல். ஒரு வருடமாக என் முதுகுக்குப் பின்னால் கேட்ட பாட்டு எதற்கு என்று அந்தத் திருப்பத்தில்தான் எனக்குப் புரிந்தது.

சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். ஹசீனா வராந்தாவில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். நானும்தான்.

டிசம்பர் 12

ஆஸ்பத்திரி வராந்தாவில் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்பருந்துங்க தெரியும்?"

தெரியாதது போல் நடிப்பார் என்று நினைத்தேன். நடிக்கவில்லை. "போன வருசம், கோயில் திருப்பத்துல, ஒரு ஆட்டுக்குட்டி. இடப்பக்கம் நின்னுட்டு இருந்துச்சு. நான் கத்துன பொறவுதான் நீ ஒடிச்ச. அன்னைக்கே தெரிஞ்சு போச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டிய வுட்டுருவ. வண்டிய வுட்டுட்டு வூட்டுல ஒக்காந்திருந்தா நீ நீயா இருக்க மாட்ட புள்ள." கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தார். "எங்க டிரைவருக்கும்தான் இடப்பக்கம் தெரியாது. அவரு வலப்பக்கம் ஒக்காந்திருக்காரு. லெஃப்ட்ட கண்டக்டர்தான பாக்கோணும்? நான் பாத்துக்கலாம்னு நெனச்சேன்."

"நீங்க டூட்டிக்குப் போற நாள்ல?"

"அன்னைக்கெல்லாம் போன் அடிச்சா எடுக்கவே பயமா இருக்கும்" என்றார்.

இந்த மனுஷனுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று இப்படி ஒரு காவல்? என் கௌரவம் கெடாமல், யாருக்கும் தெரியாமல், எனக்கும் தெரியாமல், ஒரு வருடம் எனக்கு இடது கண்ணாக இருந்திருக்கிறார். அவர் பையிலிருந்த பன்னைப் பிட்டு ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம். கல்யாணமான நாளிலிருந்து இவர் மேல் இவ்வளவு ஆசை எனக்கு வந்ததில்லை. அதை இங்கே எழுதிவைக்கிறேன். வாயால் சொல்ல மாட்டேன்.

டிசம்பர் 19

சம்பந்தியம்மா வந்து பிள்ளையையும் தாயையும் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் இரண்டு பேரும் கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

தாடையை ஒரு மிஷினில் வைத்துக்கொண்டு, சின்னச் சின்னதாக வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். வலது கண்ணுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். இடது கண்ணுக்கு வந்ததும் ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மிஷின் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று அந்த நர்ஸ் பெண்ணிடம் சொன்னேன். "ஆரம்பிச்சு ஓடிட்டுத்தான் இருக்குதுங்கம்மா" என்றாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். நிதானமாகச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம். வலிக்காது, சிவக்காது, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வரும். இடது கண்ணில் முக்கால்வாசி போய்விட்டது. வலதிலும் ஆரம்பித்திருக்கிறது.

"போனத எதனாலயும் கொண்டுவர முடியாதுங்கம்மா. இருக்கறத சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா இடது கண்ணுலயே நெறைய மிச்சம் பண்ணியிருக்கலாம்." ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "வீட்ல யாருமே கவனிக்கலையா?"

இவர் என் இடப்பக்கத்து நாற்காலியில் இருந்தார். எனக்குத் தெரியவில்லை. கையிலிருந்த ஃபைல் கசங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. மூச்சை இழுத்தார், வாயைத் திறக்கப் போகிறார்.

"யாருக்கும் தெரியாதுங்க டாக்டர்" என்றேன் நான். "எனக்கே தெரியல."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தோம். ஒரு வருடம். எனக்குக் கண்ணாக இருக்கிறேன் என்று இவர் பின்னால் உட்கார்ந்திருந்த அதே வருடத்தில்தான் என் கண் போயிருக்கிறது. அன்றைக்கே "புள்ள, உனக்குக் கண்ணு தெரியல" என்று ஒரு வார்த்தை மூஞ்சிக்கு நேராகச் சொல்லியிருந்தால்? நான் குதித்திருப்பேன். ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் போயிருப்பேன். இல்லை, போயிருக்க மாட்டேனோ? தெரியவில்லை. என் மேலும் தப்பு இருக்கிறது. ஆனால் இன்றைக்கு என் தப்பைப் பற்றி நினைக்க எனக்கு இஷ்டமில்லை.

"நான் கெடுத்துட்டேன் புள்ள" என்று ஒரு குரல் கேட்டது. இடப்பக்கத்திலிருந்துதான். திரும்பாமல் பத்தடி நடந்தேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கூடவே வந்தது.

நின்றேன்.

"இந்தப் பக்கம் வாங்க."

"ஏம்புள்ள?"

"அந்தப் பக்கம் வந்தா உங்க மூஞ்சி எனக்குத் தெரியறதில்ல. மூஞ்சியப் பாத்துத் திட்டோணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வலப்பக்கம் வந்து நின்றார். கோபி பஸ் வரும்வரைக்கும் திட்டினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் திட்டினேன்.